போர்க்காலத்து டிஸ்ட்ரோயர் ஒண்ணோட கதையை மலையில இருந்துகிட்டே தேடி எடுக்குறது எப்படி

எங்க வீடு ஹப்புத்தளை பக்கம், மேல ரெண்டு ரூம் டூரிஸ்ட்டுக்கு விடுறோம். போன சீசன்ல ஒரு ஆஸ்திரேலியா அம்மா வந்து தங்குனாங்க, காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கும்போது எங்க தாத்தா வாம்பயர்னு ஒரு கப்பல்ல இருந்தாரு, அது உங்க நாட்டு கடல்லதான் முழுகிச்சு, உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டாங்க. நான் சும்மா இருக்கலாம்தானே, இல்ல, போனை எடுத்து தட்டி முதல்ல வந்த படத்தை காட்டி இதோ கப்பல், இப்ப சிட்னில மியூசியமா நிக்குது போய் பாக்கலாம்னு பெருசா சொல்லிட்டேன். அந்தம்மா என்னையே பாத்தாங்க. முழுகுன கப்பல் எப்படி தம்பி சிட்னில நிக்கும்?

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து தேட ஆரம்பிச்சது ரெண்டு மாசம் போச்சு. அந்த ரெண்டு மாசத்துல விழுந்து எழும்புனதை வச்சுதான் இதை எழுதுறேன், உங்க வீட்டுக்கு வர்ற கெஸ்ட் கேக்கலாம், பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல வரலாறு ப்ராஜெக்ட் வரலாம், இல்ல சும்மா ஆசைக்கும் தேடலாம். நான் வாம்பயரை வச்சே சொல்றேன், எந்த டிஸ்ட்ரோயருக்கும், அதாவது வேகமா ஓடுற சின்னப் போர்க்கப்பலுக்கும், வழி கிட்டத்தட்ட இதுதான்.

முதல் வேலை, எந்த கப்பல்னு பிடிக்கிறது. பேரை மட்டும் நம்பவே கூடாது. கடற்படைக்காரங்க நம்ம ஆளுங்க மாதிரிதான், தாத்தா பேரை பேரனுக்கு வைப்பாங்க. ஆஸ்திரேலிய கடற்படையில வாம்பயர்னு ரெண்டு டிஸ்ட்ரோயர் இருந்துச்சு. மூத்தது இங்கிலாந்துல 1917ல கடல்ல இறக்குனது, 1942ல மட்டக்களப்பு பக்கம் முழுகுனது. இளையது 1959ல சேவைக்கு வந்தது, அதுதான் இப்ப சிட்னில மியூசியமா நிக்குது. இது பத்தாதுன்னு பிரிட்டிஷ்காரங்க நடுவுல ஒரு சப்மரீனுக்கும் அதே பேரை வச்சிருக்காங்க. வாம்பயரோட சேந்து முழுகுன ஹெர்மிஸ் கதையும் அப்படித்தான், அந்த பேர்ல பிறகு வந்த விமானந்தாங்கிக் கப்பலைத்தான் இந்தியா வாங்கி விராட்னு பேரு வச்சு ரொம்ப வருசம் ஓட்டுனாங்க. தமிழ்ல தேடுனா ரெண்டு ஹெர்மிஸும் கலந்து கொழம்பு மாதிரி வரும்.

அதனால பேரோட சேத்து மூணு விஷயத்தை ஒரு கொப்பியில எழுதிக்கோங்க. எந்த வருசம் கடல்ல இறக்குனாங்க, எந்த கிளாஸ் (ஒரே மாதிரி கட்டுன கப்பல் வகை), பக்கத்துல பெயிண்ட் அடிச்சிருக்குற நம்பர் என்ன. மூத்த வாம்பயர் வி கிளாஸ், நம்பர் டி 68. இளையது டேரிங் கிளாஸ், நம்பர் 11. ஒரு போட்டோ கிடைச்சா கீழ என்ன எழுதியிருக்குன்னு பாக்காம முதல்ல அந்த நம்பரை பாருங்க, ஏன்னா கீழ எழுதுறவனும் என்னை மாதிரி ஒரு ஆள்தான்.

இன்னொரு பொறி இருக்கு, இது நம்ம ஊர்ல ரொம்ப விழும். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் பேருக்கு முன்னால போடுற ஹெச்.எம்.எஸ். இருந்தா அது கப்பல்தான்னு நினைக்காதீங்க. கரையில கட்டுன கேம்புக்கும் வெள்ளக்காரன் கப்பல் பேருதான் வைப்பான். கொழும்புல இருந்தது ஹெச்.எம்.எஸ். லங்கா, திருகோணமலையில ஹெச்.எம்.எஸ். ஹைஃப்ளையர், நம்ம தியத்தலாவையில ஹெச்.எம்.எஸ். ஊவா. ஆமா, ஊவா. கடல் மட்டத்துக்கு மேல நாலாயிரம் அடிக்கு மேல ஒரு கப்பல்! ஆனா தியத்தலாவையில மலையில பெருசா ஃபொக்ஸ்னு எழுதியிருக்கே, சூப்பர்கிராஸ் ரேஸ் நடக்குற இடம், அது நிஜமான கப்பலோட பேரு. ஃபொக்ஸ்னு ஒரு க்ரூஸர், அதுல வந்த மாலுமிங்க வேலை. சின்ன வயசுல இருந்து நான் அது நரின்னு நினைச்சிட்டு இருந்தேன்.

சரி, கப்பலை பிடிச்சாச்சு. இனி பிறப்புல இருந்து வரிசையா எழுதணும்னுதான் எல்லாரும் போவாங்க, நானும் அப்படித்தான் போய் 1920கள்லயே மாட்டிக்கிட்டேன். அது சரிப்பட்டு வராது. முழுகுன நாளை முதல்ல எடுங்க, அங்க இருந்து பின்னால நடங்க. ஏன்னா அந்த ஒரு நாளைப் பத்தித்தான் ஆளாளுக்கு எழுதி வச்சிருப்பாங்க, அந்த நாள்ல ஏன் அந்த கப்பல் அந்த இடத்துல நின்னுச்சுன்னு கேட்டுக்கிட்டே பின்னால போனா மத்த கதை எல்லாம் தானா அவிழும்.

வாம்பயருக்கு அந்த நாள் 1942 ஏப்ரல் 9. நாலு நாளைக்கு முன்னால, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் அட்மிரல் நகுமோவோட விமானந்தாங்கிக் கப்பல்கள்ல இருந்து வந்த ஜப்பான் விமானங்க கொழும்பை அடிச்சது, அன்னைக்கு ஹாபர்ல டெனடோஸ்னு ஒரு டிஸ்ட்ரோயர் முழுகிச்சு, தெக்கால கடல்ல டோர்செட்ஷயர், கோர்ன்வோல்னு ரெண்டு பெரிய க்ரூஸரும் போச்சு. 8ஆம் தேதி அதே ஜப்பான் படை திரும்ப வருதுன்னு கட்டலினா விமானம் பாத்து சொல்லுது. உடனே திருகோணமலை ஹாபர்ல இருந்த கப்பலை எல்லாம் வெளிய ஓடுங்கன்னு அனுப்புறாங்க. ஹெர்மிஸும் அதுக்கு துணையா வாம்பயரும் அன்னைக்கு ராத்திரி கரையை ஒட்டி தெக்க போகுது.

9ஆம் தேதி காலையில திருகோணமலைக்கு அடி விழுது. ரெண்டு கப்பலும் அந்நேரம் மட்டக்களப்பு பக்கத்துல இருக்கு, அடி முடிஞ்சிடுச்சுன்னு திரும்பி வரச் சொல்றாங்க. ஆனா அதுக்குள்ள ஹருனாங்குற ஜப்பான் கப்பலோட விமானம் ஒண்ணு இவங்களை கண்டுருச்சு. பத்தரை மணி வாக்குல எண்பதுக்கு மேல டைவ் பொம்பர்ங்க வந்து விழுது. ஹெர்மிஸ் விமானந்தாங்கிதான், ஆனா அன்னைக்கு அதுல ஒரு விமானம் கூட இல்ல, எல்லாம் கரையில. இருபது நிமிசத்துக்குள்ள அது முழுகிருச்சு, 300 பேருக்கு மேல செத்தாங்க. அப்புறம் வாம்பயர் பக்கம் திரும்புனாங்க. குண்டு மேல குண்டு விழுந்து கப்பல் நடுவுல ரெண்டா ஒடைஞ்சு பதினோரு மணிக்கு கொஞ்சம் பின்னால கடலுக்குள்ள போச்சு. கேப்டன் கமாண்டர் மோரனும் போயிட்டாரு, அவரோட சேத்து செத்தவங்க பத்து பேருக்குள்ளதான். பக்கத்துல வந்துகிட்டு இருந்த வீட்டாங்குற ஆஸ்பத்திரிக் கப்பல் ரெண்டு கப்பல் ஆளுங்களையும் சேத்து 600 பேர் கிட்ட தூக்குச்சு. அந்தம்மாவோட தாத்தா அதுல ஒருத்தர்.

இதை படிச்சிட்டு நீங்க கேக்க வேண்டிய கேள்வி நாலஞ்சு இருக்கு, கொப்பியில அதை எழுதுங்க. ஏன் பாதுகாப்புக்கு விமானம் வரல? சைனாபே விமானத்தளம் காலையிலயே அடி வாங்கிருச்சு, தொடர்பு அறுந்து போச்சு, ரத்மலானையில இருந்து கிளம்புன ஃபுல்மர் விமானங்க வந்து சேரும்போது ரெண்டு கப்பலும் தண்ணிக்குள்ள. வாம்பயர் ஏன் சுட்டு விழுத்தல? இதுக்கு பதில் கப்பலோட பிறப்புல இருக்கு, அதுதான் பின்னால நடங்கன்னு சொன்னேன். அது முதல் உலகப் போருக்கு கட்டுன கப்பல், 4 இஞ்ச் பீரங்கி நாலு, ஆனா குழாயை 30 டிகிரிக்கு மேல தூக்க முடியாது. தலைக்கு மேல நேரா செங்குத்தா விழுற விமானத்தை அந்த பீரங்கி என்ன செய்யும்? 25 வருசப் பழசு. நம்ம ரோட்டுல ஓடுற பழைய பஸ்ஸ புது சட்டத்துக்கு டெஸ்ட் பண்ணுன கதைதான்.

அளவுகளை படிக்கும்போது நமக்கு தெரிஞ்ச அளவுக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா நம்பர் நம்பராவே போயிடும். வாம்பயர் நீளம் 312 அடி. லயத்துல ஒரு காம்பரா 12 அடின்னு வச்சா 26 காம்பரா ஒரே வரிசையில நின்னா வர்ற நீளம், அகலம் மட்டும் முப்பது அடி கிட்ட. வேகம் 34 நொட், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டர் போல. பண்டாரவளை ரோட்டுல எந்த பஸ்ஸும் அந்த வேகம் போகாது, போகவும் கூடாது.

இப்ப பின்னால நடக்கலாம். இலங்கைக்கு வர முன்னால எங்க இருந்துச்சு? 1942 ஜனவரி 27, மலாயாவுல எண்டாவ் பக்கம், தானெட்னு இன்னொரு பழைய டிஸ்ட்ரோயரோட சேந்து ஜப்பான் கப்பலை தாக்கப் போய் தானெட் முழுகிருச்சு, வாம்பயர் தப்பிச்சு வந்துச்சு. அதுக்கும் முன்னால 1941 டிசம்பர் 10, பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெரிய போர்க்கப்பலை ஜப்பான் விமானம் முழுகடிச்ச நாள். அதுங்களுக்கு துணையா போன நாலு டிஸ்ட்ரோயர்ல வாம்பயர் ஒண்ணு, அன்னைக்கு ரிபல்ஸ் கேப்டன் உட்பட 200 பேருக்கு மேல தண்ணியில இருந்து தூக்குச்சு. இதை கண்டுபிடிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா அந்த நாலுல இன்னொண்ணு டெனடோஸ். ரெண்டும் அங்க தப்பிச்சு, நாலே மாசத்துல நாலு நாள் வித்தியாசத்துல ரெண்டும் இலங்கையில வந்து முழுகியிருக்கு. இந்த மாதிரி முடிச்சு பொறப்புல இருந்து படிச்சா கண்ணுல படாது.

இன்னும் பின்னால போனா மத்தியதரைக் கடல். 1939 கடைசியில மோல்ட்டா, 1940 ஜூலை 9 கலாப்ரியா சண்டை, 1941 ஏப்ரல்ல கிரீஸ்ல இருந்து படையை ஏத்திட்டு ஓடுனது. ஸ்டூவர்ட், வென்டெட்டா, வொயேஜர், வோட்டர்ஹென், வாம்பயர், இந்த அஞ்சையும் ஜெர்மன் பிரச்சாரக்காரன் பழைய இரும்புன்னு நக்கல் பண்ண, மாலுமிங்க அதையே பட்டப்பேரா எடுத்துக்கிட்டாங்க, ஸ்க்ரேப் அயன் ஃப்ளோட்டில்லா. அதுக்கு முன்னால 1933ல பிரிட்டன்ல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு கை மாறுனது. அதுக்கு முன்னால வைட் தீவுல கவ்ஸ்ங்குற ஊர்ல கட்டுனது, கட்ட ஆரம்பிச்சப்போ வைக்க நினைச்ச பேரு வாலஸ். நடுவுல சமாதான காலம் இருக்கே, அதுக்கு நாலு வரி போதும், ரெண்டு பக்கம் எழுதாதீங்க யாரும் படிக்க மாட்டாங்க.

இதெல்லாம் எங்க கிடைக்கும்? டேட்டாதான் செலவு, காசு வேற இல்ல. ஆஸ்திரேலிய வார் மெமோரியல் வெப்சைட்ல அவங்க அரசாங்கம் போட்ட கடற்படை வரலாறு முழு புத்தகமா அத்தியாயம் அத்தியாயமா ஃப்ரீயா இருக்கு. ஆங்கிலம் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா முழு புத்தகத்தையும் இறக்காம கப்பல் பேரை சொல்லடைவுல பாத்து அந்த அத்தியாயத்தை மட்டும் எடுங்க, நைட் டேட்டா பேக்கேஜ்ல இறக்குங்க, எங்க பக்கம் மழை நேரத்துல சிக்னல் போச்சுன்னா பாதியில நின்னு முதல்ல இருந்து வரும். அதே இடத்துல ஏடபிள்யூஎம் 78ங்குற வரிசையில கப்பல் கேப்டன்மார் மேலிடத்துக்கு அனுப்புன ரிப்போர்ட்டும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. பழைய பேப்பருக்கு ட்ரோவ், அது ஆஸ்திரேலிய நெஷனல் லைப்ரரியோட வெப்சைட். அங்க கப்பல் பேரை போட்டு 1942 ஏப்ரல், மேன்னு தேதியை சுருக்குங்க, இல்லன்னா ரத்தக்காட்டேரி கதையும் சினிமா விளம்பரமும்தான் ஆயிரக்கணக்குல வரும், பேரு அப்படி.

பிரிட்டிஷ் கப்பல்னா லண்டன் கியூவுல இருக்குற நெஷனல் ஆர்கைவ்ஸ். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், அந்த போர்க்காலத்து டிஸ்ட்ரோயர் லாக் புத்தகம், அதாவது கப்பல்ல தினமும் எழுதுற பதிவு, பெரும்பாலும் பாதுகாத்து வைக்கல, அதனால லாக் புக் கிடைக்கும்னு நம்பி ஆளுக்கு காசு கட்டி தேடச் சொல்லாதீங்க. முழுகுன கப்பல்னா கடைசி மாச பேப்பர் கப்பலோடயே போயிருக்கும். தப்பிச்ச ஆபீசர் கரைக்கு வந்து எழுதுன ரிப்போர்ட்தான் உங்களுக்கு கிடைக்கிற பெரிய பொருள். அதையும் ஈரத்தோட எழுதுனதுன்னு ஞாபகம் வச்சு படிங்க.

ஜப்பான் பக்கத்தையும் விடாதீங்க. அவங்க ஆர்கைவ்ஸும் ஒன்லைன்ல இருக்கு, மொழிபெயர்ப்பு ஆப்ல ஓட்டுனா தேதி, நேரம், கப்பல் பேரு அளவுக்கு புரியும். இங்கதான் நான் நல்லா மாட்டுனேன். பிரிட்டிஷ் கணக்குல காலை பத்தரைக்கு மேல தொடங்குன தாக்குதல் ஜப்பான் கணக்குல பகல் ஒன்றரைக்கு மேல வருது. நான் ரெண்டு தாக்குதல் நடந்துச்சு போலன்னு முழு ஒரு வாரம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். விசயம் என்னன்னா ஜப்பான் கப்பல் எங்க போனாலும் டோக்கியோ நேரத்துலதான் எழுதுவாங்க. நம்ம நாட்டுலயோ 1942 ஜனவரியில போருக்காக மணியை அரை மணித்தியாலம் முன்னால தள்ளி வச்சிருந்தாங்க, அதனால இப்ப இருக்குற மூன்றரை மணித்தியால வித்தியாசம் இல்ல, சரியா மூணு. இதை தெரிஞ்சுகிட்ட உடனே ரெண்டு கணக்கும் பொருந்திருச்சு. நேரம் எழுதும்போது எந்த நாட்டு நேரம்னு பக்கத்துல எப்பவும் போடுங்க.

செத்தவங்களோட பேருக்கு கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழு வெப்சைட். தேதியையும் கடற்படையையும் போட்டா லிஸ்ட் வரும். நம்ம ஆளுங்க நேரா கண்டி பிட்டகந்த கல்லறைக்கோ திருகோணமலை நிலாவெளி ரோட்டு கல்லறைக்கோ போய் கல்லு கல்லா பாப்பாங்க, நானும் கண்டிக்கு போறப்போ ஒரு நடை போய் பாத்தேன், அமைதியான இடம், ஆனா வாம்பயர் ஆளுங்களை அங்க தேடி பிரயோசனம் இல்ல. கடலோட போனவங்களுக்கு கல்லறை கிடையாது, பேரு மட்டும் நினைவுத்தூண்ல இருக்கும், ஆஸ்திரேலிய கடற்படைக்காரங்க பேரு இங்கிலாந்து பிளிமத்துல இருக்குற தூண்ல. செத்தவங்க எண்ணிக்கையை எந்த புத்தகத்துல இருந்தும் அப்படியே தூக்காம இந்த பேருங்களை நீங்களே விரல் விட்டு எண்ணுங்க.

நம்ம பக்கத்து கதையை யாரும் எழுதி வைக்கல, அதை வீட்டுலதான் கேக்கணும். கொழும்பு ஆர்கைவ்ஸ்ல பழைய வீரகேசரி, இங்கிலீஸ் பேப்பர் எல்லாம் பாக்கலாம், ஒரு நாள் லீவு போட்டு போகணும், போர்க்காலத்து தணிக்கை இருந்ததால கப்பல் விசயம் ரொம்ப மெல்லிசாதான் இருக்கும். ஆனா எங்க பாட்டி சொல்லும், குண்டு போட்ட வருசத்துல லயத்துல லாம்பு கொளுத்த விட மாட்டாங்க, கங்காணி வந்து கத்துவாருன்னு. கொழும்பு ஸ்கூல் எல்லாம் மலைக்கு ஏறி வந்ததும் அப்பத்தான், குருத்தலாவையில சென் தோமஸ் ஆரம்பிச்சது 1942ல. பர்மா ஜப்பான் கைக்கு போனதும் அங்க இருந்து வந்த அரிசி நின்னு போச்சு, தோட்டத்துல கோதுமை மாவும் ரொட்டியும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கிச்சுன்னு பாட்டி கணக்கு. வங்காள விரிகுடாவை யாரு வச்சிருக்காங்கன்னு இங்க சட்டியில தெரிஞ்சிருக்கு. கப்பல் கதை எழுதுறவங்க இதையும் ஒரு பத்தி சேருங்க, வெள்ளக்காரன் புத்தகத்துல இது இருக்காது. தேதியை மட்டும் பாட்டிகிட்ட வாங்காதீங்க, பாட்டிக்கு எல்லாமே தைப்பொங்கலுக்கு முன்னாலயா பின்னாலயாதான்.

இடத்தை போய் பாக்கணும்னா பதுளையில இருந்து மட்டக்களப்புக்கு பஸ் இருக்கு, கல்லடி கடற்கரையில நின்னு கிழக்க பாருங்க, ஹெர்மிஸ் அந்த பக்கம்தான் ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு மேல கிடக்கு. டைவிங் தெரிஞ்சவங்களை கூட்டிட்டு போற ஆளுங்க இருக்காங்க, கடல் அமைதியா இருக்குற மாசத்துல மட்டும், ஆனா அந்த ஆழம் புதுசா படிச்சவங்களுக்கு இல்ல. அங்க பாக்குறது ஹெர்மிஸ், வாம்பயர் இல்ல, சில பேர் படத்தை போட்டு ரெண்டையும் மாத்தி எழுதுறாங்க. அதே நாள்ல முழுகுன பிரிட்டிஷ் சார்ஜன்ட்ங்குற எண்ணெய்க் கப்பலும் பாசிக்குடா பக்கம் கிடக்கு, அதையும் குழப்பிக்காதீங்க. எனக்கு நீச்சலே தெரியாது, கரையில நின்னு கடலை வாங்கி தின்னுட்டு வந்தேன்.

கடைசியா ஆள். கப்பல்ல ஒருத்தர் இருந்தாருன்னு நிரூபிக்க வீட்டுக் கதை பத்தாது. ஆஸ்திரேலிய கடற்படை ஆள்னா அந்த நாட்டு நெஷனல் ஆர்கைவ்ஸ்ல சேவை கார்டு ஸ்கேன் பண்ணி இருக்கும், எந்த கப்பல்ல எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைன்னு வரிசையா எழுதியிருக்கும். நான் எல்லாத்தையும் ஆறு பக்கத்துல எழுதி அந்தம்மாவுக்கு அனுப்பி கார்டை தேடச் சொன்னேன். மூணு நாள்ல மெசேஜ் வந்துச்சு. கார்டு கிடைச்சிருச்சு, வாம்பயர்னு எழுதி அந்த ஏப்ரலோட முடியுது, அதுக்கு கீழ அடுத்த வரியில லங்கான்னு ஒரு பேரு இருக்கு, பாவம் தாத்தா, அது எந்த கப்பல், அதுவும் முழுகிருச்சான்னு கேட்டிருந்தாங்க.

இல்லம்மா, அது முழுகல, கொழும்புல தரையிலதான் இருந்துச்சுன்னு பதில் போட்டேன்.